கசவுக் கரை காணாமல் போன டேப்புகள்

"இந்த முண்டுல கசவு இருந்துச்சுங்க. எங்க அம்மா கட்டியிருந்தது. இப்பவும் பீரோவுல இருக்கு. இதுல பாருங்க, வெறும் வெள்ளையா இருக்கு."

கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனின் கடையில் ஒரு அக்கா கம்ப்யூட்டர் திரையைக் காட்டி இப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். 1994ல் நடந்த கல்யாணம். பெண் வீடு வண்ணாமடை, மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சிப் பக்கம். தமிழ்நாடு-கேரள எல்லையோரக் கல்யாணங்கள் அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் பட்டுச்சேலை, இன்னொரு பக்கம் செட்டுமுண்டு, மேடையில் நாதஸ்வரம், பந்தியில் பாலடைப் பாயசம். திரையில் பெண்ணின் அம்மா தாம்பூலத் தட்டோடு நிற்கிறார். முகம் தெளிவாக இருக்கிறது, கழுத்துச் சங்கிலி தெளிவாக இருக்கிறது. கட்டியிருந்த முண்டு மட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டியது மாதிரி ஒரே வெள்ளை. மடிப்பும் இல்லை, கசவு என்கிற சரிகைக் கரையும் இல்லை.

அண்ணன் அதே டேப்பை விசிஆரிலிருந்து நேராகப் பழைய டிவியில் போட்டார். கரை இருந்தது. மங்கல்தான், ஆனால் இரண்டு விரல் அகலத்துக்குச் சரிகை ஓடுவது நன்றாகத் தெரிந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை ஏற்றிய அந்தப் பெட்டியின் லினக்ஸ் டிரைவரை, அதாவது பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள வைக்கும் நிரலை, எழுதியவன் நான்.

கோவையில் ஒரு சின்ன நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே செய்த வேலை அது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களைச் செருகினால் பழைய விசிஆர் படம் யூஎஸ்பி வழியாக உள்ளே வரும், அவ்வளவுதான் பெட்டி. முதல் தொகுப்பு வந்தபோது ஒன்றை அண்ணனிடம் கொடுத்து, "ஓட்டிப் பாருங்கண்ணா" என்றேன். அவர் மூன்று மாதத்தில் 37 டேப் ஏற்றிவிட்டார். பெட்டியைச் செருகினார், ரெக்கார்டு பொத்தானை அழுத்தினார். கான்ட்ராஸ்ட் எண்ணைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? புதிதாக வாங்கிய பொருள் சரியாகத்தான் வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கும் என்று நம்புவது நியாயம்தானே. அந்த நம்பிக்கைக்குத் தகுந்த மாதிரி நான் வேலை செய்யவில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஃபிரேமைத் திறந்து பிக்சல் பிக்சலாகப் பார்த்தேன். முண்டு இருந்த இடம் முழுக்க ஒளி மதிப்பு 254. கரை இருக்க வேண்டிய இடத்திலும் 254.

கணக்கு ரொம்ப எளிமை. இந்த மாதிரி வீடியோவில் 8 பிட் ஒளி மதிப்பில் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்பது பிடி.601 என்ற சர்வதேச வரையறை. அதற்கு மேலே 254 வரைக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களில் ஹாலஜன் லைட்டை முகத்துக்கு நேராகப் பிடிப்பார்கள், வெள்ளைத் துணி 235ஐத் தாண்டிப் போவது சாதாரணம். பெட்டிக்குள் டேப் படத்தை எண்களாக மாற்றும் எங்கள் சிப்பில் கான்ட்ராஸ்ட் 64 என்றால் உள்ளது உள்ளபடி. டிஃபால்ட்டாக, யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் மதிப்பாக, நான் வைத்திருந்தது 80, அதாவது ஒன்றேகால் மடங்கு. நடு மதிப்பான 128ஐ மையமாக வைத்துத்தான் சிப் பெருக்கும். டேப்பில் துணி 238, கரை 231 என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி 265 ஆகிறது, கரை 256 ஆகிறது. இரண்டுமே எல்லையைத் தாண்டிவிட்டதால் இரண்டும் 254ல் வெட்டுப்படுகின்றன. நடுவில் இருந்த ஏழு எண் வித்தியாசம்தான் அந்தக் கசவு.

'நிறம் இருக்குமே, தங்க நிறத்தை வைத்துக் கரையைக் கண்டுபிடிக்கலாமே' என்று கேட்கலாம். விஎச்எஸ் டேப்பில் நிறத்துக்கு ஒதுக்கிய அலைவரிசை அரை மெகாஹெர்ட்ஸ் அளவுதான், ஒளிக்குச் சுமார் மூன்று. அதனால் மெல்லிய கோடுகளில் நிறம் பக்கத்தில் கசிந்து கலங்கிவிடும். கரையைக் கரையாகக் காட்டுவது ஒளியின் வித்தியாசம்தான். அது போனால் எல்லாம் போச்சு.

80 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சியில் பெட்டியை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. படம் மங்கலாக இருக்கிறது, பளிச்சென்று வையுங்கள் என்றார்கள். வைத்தேன். கண்காட்சி முடிந்தது, எண் அப்படியே டிரைவரில் தங்கிவிட்டது. பார்ப்பதற்கான படமும் சேமிப்பதற்கான படமும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாததில்லை. பளிச்சென்று வேண்டுமானால் பார்க்கும் மென்பொருளில் எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். ஏற்றும்போதே வெட்டிவிட்டதைத் திரும்ப ஒட்ட எந்த மென்பொருளாலும் முடியாது. தெரிந்த விஷயம்தான், அந்த ஒரு நிமிஷத்தில் யோசிக்கவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு டிஃபால்ட்டையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். இது தப்பாக இருந்தால் பிறகு சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முடியாது என்றால் எதையும் இழக்காத மதிப்பில்தான் வைக்க வேண்டும், படம் கண்ணுக்கு எவ்வளவு சப்பென்று தெரிந்தாலும் சரி.

மறுபடி ஏற்றினால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இ-180 டேப் முழுதாக ஓட மூன்று மணி நேரம் ஆகும், வேகமாக ஏற்ற வழியே இல்லை. நேரத்தைக்கூட விடுங்கள். எங்கள் பக்கம் மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் ஈரம். முப்பது வருஷம் அலமாரியில் கிடந்த டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். அண்ணன் அதைத் துடைத்து, முன்னும் பின்னும் ஒருதரம் ஓட்டித் தளர்த்தி, அப்புறம்தான் ஏற்றுவார். ஒவ்வொரு முறை ஓடும்போதும் டேப் கொஞ்சம் தேய்கிறது. 37ல் ஒன்பதைத் திருப்பி வாங்கி மறுபடி ஏற்றினோம். அதில் ஒன்று, வேலந்தாவளத்துக்காரர் ஒருவருடையது, இரண்டாவது முறை ஓடும்போது அறுந்தே போனது. அண்ணன் பழைய ஆடியோ கேசட் ஒட்டுகிற மாதிரி ஒட்டினார். ஒட்டிய இடத்தில் இரண்டு மூன்று நொடி போய்விட்டது. அது தாலி கட்டும் நேரமாக இல்லாமல், பந்தியில் இலை போடும் நேரமாக இருந்தது எங்கள் நல்ல நேரம். என் ஒரு எண்ணால் ஒருவருடைய டேப் அறுந்தது. அதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்த வாரம் டிரைவர் முழுவதையும் புதிதாகப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். முதலில் செய்தது என் மேசையிலிருந்த ஒரு ஸ்கிரிப்டை அழித்தது. பெட்டியைச் செருகியதும் வீடியோ முறை, இன்புட், அளவு எல்லாவற்றையும் எனக்குத் தேவையான மாதிரி மாற்றிவிடும் ஸ்கிரிப்ட் அது. இரண்டு வருஷம் அதை வைத்தே வேலை பார்த்திருக்கிறேன். அதனால் அண்ணன் பார்க்கும் பெட்டியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. டிரைவர் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டுமாவது செய்து பாருங்கள். புதிதாக லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரில், உங்கள் ஸ்கிரிப்ட் எதுவும் இல்லாமல் பெட்டியைச் செருகி, ஒரு பழைய டேப்பை முழுதாக ஏற்றிப் பாருங்கள். சோதனைக்கு வண்ணப் பட்டைகளைத் தரும் கலர் பார் ஜெனரேட்டர் வேண்டாம். அது வரையறைக்குள் ஒழுங்காக நிற்கிற சிக்னலைத் தரும், எந்தக் கல்யாண டேப்பும் அப்படி நிற்காது.

ஸ்கிரிப்ட் இல்லாமல் செருகியதும் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டது. காரணம் டிஃபால்ட்டாக இருந்த என்டிஎஸ்சி என்ற அமெரிக்க வீடியோ முறை. சிப் விற்றவர்கள் கொடுத்த மாதிரி நிரலில் அதுதான் இருந்தது, நான் அப்படியே எடுத்து வைத்திருந்தேன். அண்ணன் மட்டும் எப்படி ஏற்றினார் என்றால், அவர் பயன்படுத்திய ரெக்கார்டிங் மென்பொருளில் வீடியோ முறைகளின் பட்டியல் ஒன்று இருந்தது, அதில் பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது தற்செயலாக எங்களைக் காப்பாற்றியது.

இந்தியாவில் 1982ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்ததிலிருந்து பால் முறைதான். ஒரு ஃபிரேமுக்கு 625 கோடு, நொடிக்கு 50 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் கொண்ட அரை ஃபிரேம்). அமெரிக்க என்டிஎஸ்சியில் 525 கோடு, நொடிக்கு அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. நிறத்தைச் சுமக்கும் துணை அலையும் வேறு, பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸ், அங்கே 3.58. சிப் தப்பான இடத்தில் தேடினால் நிறமே கிடைக்காது. எங்கள் பெட்டி விற்பது கோவை, பாலக்காடு, திருச்சூர்ப் பக்கம். துபாயிலிருந்து வந்த டேப்புகளும் பால்தான். ஆக டிஃபால்ட் பால் என்பதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

ஆனால் அமெரிக்காவிலிருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பிய டேப்பும் கடைக்கு வரும். அப்படியானால் டிரைவரே கண்டுபிடித்துத் தானாக மாறிக்கொள்ளட்டுமே என்று ஒரு நாள் முழுக்க அதை எழுதினேன். அருமையாக வேலை செய்தது, டேப்பில் ஒரு வெற்று இடம் வரும் வரைக்கும். சிக்னல் இல்லாத அந்த நாலு நொடியில் சிப் எதையோ ஊகித்து என்டிஎஸ்சிக்குத் தாவியது. ஃபிரேமின் உயரம் 576லிருந்து 480 ஆனது. ரெக்கார்டிங் மென்பொருள் 576க்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தது, அதோடு நின்றுவிட்டது. அப்புறம் லினக்ஸில் வீடியோ சாதனங்களுக்கான விதிமுறையான வி4எல்2வின் ஆவணத்தை நிதானமாகப் படித்தால் அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: முறை மாறியது தெரிந்தாலும் டிரைவர் தானாக மாறக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும்போது பஃபர் (ஃபிரேமுக்கு ஒதுக்கிய நினைவிடம்) அளவை மாற்ற முடியாது, மாறிவிட்டது என்று ஓர் அறிவிப்பு மட்டும் கொடு, முடிவைப் பயனர் நிரலிடம் விடு. நான் ஒரு நாள் செலவழித்துக் கற்றதை யாரோ முன்பே பட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய நிரலை எடுத்துவிட்டேன். இப்போது டிரைவர் பாலில் நிற்கிறது, ரெக்கார்டு அழுத்தும் முன் மென்பொருள் ஒருமுறை சிப்பிடம் கேட்டு, வேறாக இருந்தால் அண்ணனிடம் சொல்கிறது. மாற்றுவது அவர்தான்.

படத்தின் அளவு 640க்கு 480 என்று இருந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் திணறாமல் இருக்க என்று யாரோ வைத்தது. 576 கோட்டை 480 ஆகச் சுருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். விஎச்எஸ் படத்தில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு நேரத்தில் எடுத்தவை, இரட்டைப்படைக் கோடுகள் ஐம்பதில் ஒரு நொடி தள்ளி எடுத்தவை. சுருக்கும்போது இரண்டு நேரமும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது. கூடவே 'டீஇன்டர்லேஸ்' என்று ஒன்றையும் இயக்கி வைத்திருந்தேன், அது பாதி ஃபீல்டுகளைத் தூக்கியே போட்டுவிடும். தவில்காரர் கையைப் பார்த்தபோதுதான் அதன் நஷ்டம் புரிந்தது. டிவியில் குச்சி பிடித்த கை தோலில் பட்டு எழும்புவது தொடர்ச்சியாகத் தெரிகிறது. எங்கள் கோப்பில் கை மேலே இருக்கிறது, அடுத்து கீழே இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. இப்போது டிஃபால்ட் 720க்கு 576, இரண்டு ஃபீல்டும் அப்படியே. கம்ப்யூட்டர் திரையில் அசைவு வரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். 'கோடு கோடா வருதே தம்பி' என்று அண்ணன் கேட்டார். பார்க்கும்போது சரிசெய்துகொள்ளலாம்ணா, தவில் கை மட்டும் முழுசா இருக்கட்டும் என்றேன்.

இதில் ஒரு செலவு இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஒரு பிக்சலுக்கு இரண்டு பைட், ஒரு ஃபிரேமுக்கு 8,29,440 பைட், நொடிக்கு 25 ஃபிரேம். ஏறக்குறைய 20.7 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபியை நெருங்கும். யூஎஸ்பி 2ல் இந்த மாதிரித் தொடர் தரவுக்கு ஒரு சாதனத்துக்குக் கிடைக்கக்கூடியதே நொடிக்கு 24.5 எம்பி சொச்சம்தான். அதே ஹப்பில் வேறு ஹார்ட் டிஸ்க்கையும் செருகினால் ஃபிரேம் விழலாம். அதனால் பெட்டிக்குத் தனி போர்ட், சேமிக்கும்போது எஃப்எஃப்வி1 போல எதையும் இழக்காத சுருக்கம் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினோம்.

ஒலி மியூட்டில் இருந்தது. டிவி டியூனர் அட்டைகளின் காலத்தில் சேனல் கிடைக்காதபோது இரைச்சல் வரக் கூடாது என்று அப்படி வைப்பார்கள், எனக்கும் அந்தப் பழக்கம். விசிஆருக்கு அது தேவையே இல்லை. எடுத்துவிட்டேன். முதல் டேப்பிலேயே நாதஸ்வரம் கேட்காமல் அண்ணன் ஒரு மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

படத்தின் மேல் விளிம்பு கொடி மாதிரி வளைந்து ஆடுவது இன்னொரு தொல்லை. டேப் ஓடும் இயந்திரத்தின் தள்ளாட்டத்தால் ஒவ்வொரு கோடும் சரியான நேரத்தில் தொடங்காது. சிப்பில் ஒளிபரப்புக்கு நிதானமாகப் பின்தொடரும் ஒரு நிலையும், விசிஆருக்கு வேகமாகப் பிடிக்கும் ஒரு நிலையும் உண்டு. ஒளிபரப்பு நிலையில் இருந்ததை மாற்றினேன். மஞ்சள் பின்னில் இன்றைக்கு வருவதெல்லாம் பழைய விசிஆரும் ஹேண்டிகேமும்தானே.

இன்னொரு தவறு கொஞ்சம் நுணுக்கமானது. யாராவது சாதனத்தைத் திறக்கும்போதெல்லாம் என் டிரைவர் எல்லா மதிப்பையும் டிஃபால்ட்டுக்குத் திருப்பியது. சுத்தமாகத் தொடங்குகிறது என்று எனக்குப் பெருமைகூட. ஆனால் வி4எல்2வில் வழக்கம் வேறு. ஒரு நிரலில் வைத்தது, மூடிய பிறகும் சாதனத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் சரிசெய்து இன்னொன்றில் பதிவு செய்கிறவர்கள் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். அண்ணன் இருண்ட டேப் ஒன்றுக்காக வி4எல்2-சிடிஎல் என்ற கருவியைக் கொண்டு பிரைட்னஸைக் கூட்டிவிட்டு ரெக்கார்டிங் மென்பொருளைத் திறப்பார், கூட்டியது காணாமல் போயிருக்கும். இரண்டு வரியை அழித்ததும் சரியானது. அந்தக் கருவியில் கன்ட்ரோல் பட்டியலைக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், டிஃபால்ட், இப்போதைய மதிப்பு என்று வரும். டேப் ஏற்றுகிறவர்கள் முதல் டேப்புக்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிஃபால்ட் என்று போட்டிருப்பது சிப்பின் நடுநிலை மதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைப் போல யாரோ ஒருவர் ஒரு மத்தியானம் முடிவு செய்த எண்ணாகவும் அது இருக்கலாம்.

இதே மாதிரி ஒன்று வெப்கேமராவிலும் உண்டு. மின்சார அதிர்வெண் என்ற கன்ட்ரோல் பல கேமராக்களில் 60 ஹெர்ட்ஸில் வரும். நம் ஊர் மின்சாரம் 50. சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மின்னும். கேமரா நூற்றிருபதைக் கணக்கில் வைத்து எக்ஸ்போஷர் எடுத்தால் படத்தில் இருட்டுப் பட்டை மெதுவாக நகரும். பக்கத்துப் பள்ளியில் ஆன்லைன் வகுப்பு நடத்திய ஒரு டீச்சர் கேமரா கெட்டுவிட்டது என்று புதிது வாங்கக் கிளம்பினார். 50 என்று மாற்றியதும் பட்டை நின்றது.

புதிய டிரைவர் போன பிறகு முதலில் வந்தது புகார்தான். திருச்சூரிலிருந்து ஒருவர், படம் செத்துப்போன மாதிரி இருக்கிறது, பழையதே கொடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு டிஃபால்ட்டை மாற்றும்போது அதற்குப் பழகிய எல்லோருடைய வேலையையும் மாற்றுகிறோம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், ஓடிக்கொண்டிருக்கும் பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்று அவ்வளவு கறாராக இருப்பது ஏன் என்று அப்போது நன்றாகப் புரிந்தது. கான்ட்ராஸ்டை நான் திருப்பவில்லை. ஆனால் எந்த எண் எதிலிருந்து எதுவாக மாறியது, ஏன், பழையபடி வைக்க என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாள் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் வைத்தோம். மலையாளத்தை அண்ணனின் மகள் திருத்திக் கொடுத்தாள். டிரைவர் நிரலிலும் ஒவ்வொரு டிஃபால்ட் எண்ணுக்கு மேலும் காரணத்தை ஒரு வரி எழுதியிருக்கிறேன். 64க்கு மேலே இருக்கும் வரி: வெள்ளைத் துணியில் சரிகைக் கரை தெரிய வேண்டும்.

வண்ணாமடை அக்காவின் டேப்பை மறுபடி ஏற்றிய அன்று நானும் கடையில் இருந்தேன். தாம்பூலத் தட்டுக் காட்சி வந்ததும் அண்ணன் நிறுத்தினார். சாம்பல் பூத்த மாதிரிதான் படம், முண்டில் மடிப்பு மூன்று நான்கு தெரிந்தது, இடுப்பிலிருந்து கீழே கரை இறங்கியது. அக்கா கைப்பையிலிருந்து துணிப்பை ஒன்றை எடுத்தார். அதே முண்டு. மேசையில் விரித்துக் கரையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதானுங்க" என்றார்.

தீராமல் இருப்பது ஒன்று. இன்புட். ஒளியும் நிறமும் ஒரே மஞ்சள் பின்னில் வரும் காம்போசிட்டா, எஸ்-வீடியோவா? எஸ்-வீடியோவில் ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வருவதால் படம் நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலான வீட்டு விசிஆரில் இருப்பது மஞ்சள் பின் மட்டும்தான். எஸ்-வீடியோவை டிஃபால்ட்டாக வைத்தால் முக்கால்வாசிப் பேருக்குக் கறுப்புத் திரைதான் வரும். அதனால் காம்போசிட் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் இருக்கும் ஒரே எஸ்-விஎச்எஸ் டெக்குக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். மறந்துவிடாமல் இருக்க டெக்கின் நெற்றியில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் எழுதி வைத்திருக்கிறார்: "எஸ்ஸுக்கு மாத்து."